அமெரிக்க அதிபரின் முடிவு யார் கையில் உருவாகிறது என்று கண்டறியும் முறை

அமைச்சரவை கூடி முடிவெடுக்கும், அதற்கு எல்லா அமைச்சர்களும் கூட்டாகப் பொறுப்பேற்பார்கள் என்ற நாடாளுமன்ற வழக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வாஷிங்டன் செய்திகளைப் படித்தால் குழப்பமே மிஞ்சும். துறைத் தலைவர்களிடம் அதிபர் எழுத்து வடிவில் கருத்துக் கேட்கலாம் என்பதற்கு மேல் அவர்கள் கூடி முடிவெடுப்பதைப் பற்றி அமெரிக்காவின் மூல அரசமைப்பு எதுவும் சொல்லவில்லை. அவர்களுடைய வாக்குக்குச் சட்ட மதிப்புள்ள ஒரே இடம், அதிபரால் கடமையாற்ற இயலாத நிலையைப் பற்றிய 25ஆவது திருத்தம்தான்.

எனவே ஒரு பெயர் செய்தியில் அடிபட்டவுடன், அவர் நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒப்புதலுடன் வந்தவரா என்று முதலில் பாருங்கள். 15 துறைகளின் தலைவர்களுக்கும் அந்த ஒப்புதல் கட்டாயம். வெள்ளை மாளிகையின் தலைமை அலுவலருக்கும் தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கும் அது தேவையில்லை. அதிபரின் நம்பிக்கை ஒன்றே இவர்களுடைய மூலதனம்.

அடுத்து, அதிபரின் மேசைக்குப் போகும் கோப்பு கடைசியாக யாரைக் கடந்து போகிறது என்று கவனியுங்கள். அதிபர் நிக்சன் காலத்தில் அந்த வாசலைக் காத்தவர் தலைமை அலுவலர் ஹால்டமன். 1971 ஜூலையில் பாகிஸ்தான் சென்றிருந்த ஆலோசகர் கிஸ்ஸிங்கர், வயிற்றுக் கோளாறு என்று காரணம் சொல்லிவிட்டு இரகசியமாகப் பெய்ஜிங் போய் வந்தார். சீன உறவையே மாற்றிய அந்த ஏற்பாட்டில் வெளியுறவு அமைச்சர் வில்லியம் ராஜர்ஸுக்கு இடமில்லை. பதவிப் பெயரை மட்டும் பார்த்து எடை போட்டவர்கள் ஏமாந்தார்கள். 1973இல் கிஸ்ஸிங்கர் அந்த அமைச்சர் பதவியையும் தம் ஆலோசகர் பதவியோடு சேர்த்தே வகித்தார்.

பணத்தையும் விதிகளையும் பொறுத்தவரை, அதிபர் அலுவலகத்துக்குள்ளேயே இருக்கும் ‘மேலாண்மை மற்றும் வரவுசெலவு அலுவலக’த்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும். துறைகள் கொண்டுவரும் முக்கிய விதிகள் அங்கே பரிசீலிக்கப்பட வேண்டும் என்று அதிபர் ரீகன் 1981இல் ஆணையிட்டார்.

கடைசியாக, கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். பல அதிகாரங்களைச் சட்டம் துறைத் தலைவருக்கே அளித்திருப்பதால், அருகில் இருக்கும் ஆலோசகர் எவ்வளவு செல்வாக்குள்ளவரானாலும் அவருக்குப் பதிலாகக் கையொப்பமிட முடியாது. நிக்சன் ஆட்சியை உலுக்கிய வாட்டர்கேட் ஊழல் விசாரணையை நடத்திய சிறப்பு வழக்கறிஞர் காக்ஸை நீக்க 1973 அக்டோபர் 20 அன்று நிக்சன் உத்தரவிட்டபோது, நீதித்துறையின் தலைவரான அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் மறுத்துப் பதவி விலகினார்; அவருக்கு அடுத்த நிலையில் இருந்த ரக்கல்ஸ்ஹாஸும் மறுத்து வெளியேறினார். மூன்றாமவரான போர்க் கையொப்பமிட்ட பிறகே அந்த ஆணை நடைமுறைக்கு வந்தது.