இலங்கை மலைத் தோட்டத்துக்கு மொதல்ல வந்த கங்காணி (ஆள் சேத்து கூட்டிட்டு வந்து வேல வாங்குனவர்) பூட்டன் கதைய எழுதுறது எப்படி

எடுத்த ஒடனே ஆர்கைவ்ஸுக்கு ஓடாதீங்க, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) இருக்குற வயசான அப்பாயி, அம்மாயிகிட்ட போய் உக்காருங்க. எந்த வருஷம் வந்தாருன்னு கேட்டா பதில் வராது, கோப்பி காலமா தேயிலை காலமா, மன்னார்ல எறங்கி மாத்தளைக்கு காட்டு வழியா நடந்தாங்களா இல்ல தலைமன்னார்ல இருந்து ரயிலான்னு கேளுங்க. லூல்கந்துர தோட்டத்துல மொதல்ல தேயிலை போட்டது 1867, தலைமன்னார் ரயில் வந்தது 1914, அத வச்சு காலத்த ஓரளவு பிடிச்சிரலாம்.

பொறப்பு சர்டிபிகேட், 1949 இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமை சட்டத்துல போட்ட விண்ணப்பம், 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல இந்தியா போன சொந்தக்காரங்க பாஸ்போர்ட், எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்துக்கோங்க.

கோயில் கட்டினாரு, பஞ்சாயத்து பேசினாருன்னு மட்டும் எழுதி முன்பணக் கடனையும் துண்டு முறையையும் (கடன அடைச்சா ஆளுங்கள விடுறேன்னு தோட்டத் துரை குடுத்த சீட்டு, 1921ல சட்டம் போட்டு ஒழிச்சாங்க) மறைச்சா அது கத இல்ல, விளம்பரம். அவர் கீழ பெரட்டுக்கு (காலையில வேலைக்கு ஆள் எண்ணுற எடத்துக்கு) நின்ன குடும்பங்ககிட்டயும் கேளுங்க, வேற கங்காணி தெரிவாரு. அப்புறம் வம்சாவளியில பொம்பளைங்கள சும்மா "மனைவி"ன்னு போட்டுட்டு போறது எனக்கு சுத்தமா பிடிக்கல, கொழுந்து எடுத்தது அவங்கதான, பேரு, பொறந்த ஊரு, பெத்த புள்ளைங்க, செத்த புள்ளைங்க எல்லாம் எழுதுங்க.