பரம்பரை வயற்காணியின் உடைமையாளர்களைத் தேடி எடுப்பது எப்படி? (இலங்கையின் வன்னிக் காணிகளுக்கு)

வயற்காணியின் வரலாறு தேடுகிறவர்கள் பெரும்பாலும் அப்பப்பாவின் பெயரை வைத்துத்தான் தொடங்குவார்கள். இரண்டு தலைமுறையில் நூல் அறுந்துவிடும். எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயர்தான் முன்னெழுத்து. தேசவழமை என்ற வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டப்படி காணி சீதனமாக மகளுக்குப் போனால், அடுத்த உறுதியில் எல்லாமே புதுப் பெயர்கள். ஆகவே ஆளை விட்டுக் காணியின் பெயரைப் பிடியுங்கள்.

முதலில் அது உறுதிக் காணியா (உறுதிப் பத்திரமுள்ள தனியார் காணி), பெர்மிட் காணியா (அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி) என்று பாருங்கள்.

உறுதிக் காணியென்றால் கையிலுள்ள கடைசி உறுதியில் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர், காணிப் பெயர், பரப்பளவு, நான்கு எல்லைகள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமை வந்த வழியைச் சொல்லும் பகுதிதான் முக்கியம். முந்தைய உறுதி அங்கே இருக்கும். காணிப் பதிவகத்தில் அந்த விபரத்தைக் கொடுத்துத் தோம்பை, அதாவது காணிப் பதிவுப் புத்தகத்தை, பாருங்கள். விற்பனை, நன்கொடை, சீதனம், ஈடு (அடமானம்) எல்லாம் வரிசையாக வரும். பக்கத்தின் தலையில் எந்தப் பழைய பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டது என்றிருக்கும்; அப்படியே பின்னோக்கிப் போகவேண்டியதுதான். வீட்டுப் பிரதி போரில் தொலைந்திருந்தாலும் பதிவகத்தில் இரண்டாம் பிரதி இருந்தால் அத்தாட்சிப் பிரதி எடுக்கலாம். கிளிநொச்சி 1984இல்தான் தனி மாவட்டமானது. அதற்கு முந்தைய பதிவுகளை யாழ்ப்பாணத்திலும் தேடுங்கள்.

தோம்பில் ஒரு தலைமுறையையே காணாவிட்டால் பயப்படவேண்டாம். உறுதி எழுதாமல் முதுசமாக (பெற்றோர் வழிச் சொத்தாக) இறங்கியிருக்கும். அந்த இடைவெளியை இறப்பு, பிறப்புச் சான்றிதழ்களால் நிரப்புங்கள். ‘பிரிக்கப்படாத 1/6 பங்கு’ என்று வந்தால் மற்றப் பங்காளிகளின் உறுதிகளும் வேண்டும்.

பழைய உறுதிகளில் ‘பரப்பு’ என்ற நில அளவின் கணக்கு ஆளை ஏமாற்றும். நெல் விதைப்பென்றால் 24 பரப்பு ஒரு ஏக்கர், வரகு விதைப்பென்றால் 16. 24 பரப்பு வயலை 16ஆல் வகுத்தால் ஒன்றரை ஏக்கர் வரும். பிறகு இல்லாத அரை ஏக்கருக்குப் பக்கத்து வயல்காரரோடு சண்டை!

குடியேற்றத் திட்டக் காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்துக்குள் வரும். இவற்றுக்குப் பிரதேச செயலகக் காணிப் பிரிவின் பேரேட்டைக் கேளுங்கள். முதல் பெர்மிட்காரர், பின்னுரித்தாளர் (அவருக்குப் பின் காணியைப் பெறக் குறிக்கப்பட்டவர்), மாற்றங்கள் அதில்தான். பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தவர்களின் காணியில் பழைய சட்டம் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை கொடுத்தது. அதனால் பேரேட்டில் அண்ணன் பெயரிருக்க, வயலைச் செய்தது தங்கச்சி குடும்பமாக இருக்கலாம்.

யார் செய்தார்கள் என்பதைக் கமநல சேவை நிலையத்தின் காணிப் பதிவேடும் ஏக்கர் வரிப் பற்றுச்சீட்டும் காட்டும். இவை உரித்துக்குச் சாட்சியல்ல, செய்கைக்கு மட்டுமே. குத்தகைக்காரரைச் சொந்தக்காரராக எழுதிவிடாதீர்கள்.

முதியவர்களிடம் வருடம் கேட்டால் தடுமாறுவார்கள். “64 புயலுக்கு முன்னமோ, பிறகோ?” என்று 1964 புயலை வைத்துக் கேளுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் வருடம், யாரிடமிருந்து யாருக்கு, எந்த வழியில், எவ்வளவு, என்ன ஆதாரம் என்று ஒரு வரி எழுதுங்கள். வாய்ச்சொல்லால் மட்டும் வந்ததைப் பென்சிலால் எழுதுங்கள். உறுதி கிடைத்தபின் மையால் எழுதலாம்.