பிச்சிப்பூ வாடாமல் இருக்க எது உதவும்? இரண்டு காரணிகளை ஒரே பரிசோதனையில் சோதிக்கும் முறை

கன்னியாகுமரி மாவட்டத்தின் தோவாளைச் சந்தையில் விடியற்காலையில் வாங்கிய பிச்சி மொட்டை வாழையிலையில் பொதிவது நல்லதா, பாலித்தீன் உறையில் இடுவது நல்லதா, ஐஸ் வைப்பது அவசியமா என்று அறிய விரும்பும் ஒருவர் பெரும்பாலும் ஒவ்வொன்றாகத்தான் சோதித்துப் பார்ப்பார். முதலில் ஐஸ் இல்லாமல் இலையையும் பாலித்தீனையும் ஒப்பிடுவார். இலை வென்றால் பாலித்தீனைக் கைவிட்டுவிட்டு, இலைப்பொதியை மட்டும் ஐஸுடன் வைத்துப் பார்ப்பார். இந்த வழி எங்கே தவறுகிறது என்பது கீழே வரும் கணக்கில் தெரியும். இரண்டு காரணிகளையும் சேர்த்தே சோதிப்பதைப் பல்காரணிப் பரிசோதனை என்பர். கல்லூரிகளில் ஃபேக்டோரியல் டிசைன் என்றே வழங்குகிறது. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய புள்ளியியலாளர் ரொனால்டு ஃபிஷர், இயற்கையிடம் ஒரு நேரத்தில் ஒரு கேள்வியையே கேட்க வேண்டும் என்ற கருத்தை 1926-இல் வெளிப்படையாக மறுத்தார். அதே நிலையத்தைச் சேர்ந்த ஃபிராங்க் யேட்ஸ் இம்முறைக்கான கணக்கீடுகளை 1937-இல் ஒழுங்குபடுத்தித் தந்தார்.

முதல் படி: காரணி, நிலை, அளவீடு

நம் பரிசோதனையில் காரணிகள் இரண்டு. பொதியும் பொருள் ஒன்று. அதன் நிலைகள் இலை, பாலித்தீன். குளிர்ச்சி மற்றொன்று, அதன் நிலைகள் ஐஸ் இல்லை, ஐஸ் உண்டு. இரண்டையும் பெருக்கினால் நான்கு சேர்க்கைகள் கிடைக்கும். ஒவ்வொரு பொதியிலும் 50 மொட்டுகளை எண்ணி வைத்து, அவற்றில் 25 பழுப்பேற எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை அளவீடாகக் கொள்வோம். பழுப்பு என்றால் இதழின் ஓரத்தில் தொடங்கினாலே போதுமா, முழுதும் மாற வேண்டுமா என்பதைத் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ண வேண்டியிருப்பதால் இருவர் முறை வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு வேளையில் நான்கு பொதிகளையும் ஒருவரே எண்ண வேண்டும்.

இரண்டாம் படி: எது ஓர் அலகு?

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். முதல் முறை செய்தபோது, ஐஸ் தேவைப்பட்ட எல்லாப் பொதிகளையும் ஒரே தெர்மகோல் பெட்டியில் அடுக்கி, மற்றவற்றை மேசைமேல் வைத்தேன். அப்படிச் செய்தால் பத்துப் பொதிகள் இருந்தாலும் குளிர்ச்சியைப் பொறுத்தவரை என்னிடம் இருப்பது ஒரே ஒரு பெட்டிதான். அந்தப் பெட்டியின் மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்திருந்தால் அதன் விளைவும் ஐஸின் விளைவாகவே கணக்கில் ஏறியிருக்கும். எனவே ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனியே ஒரு சிறு பெட்டி வேண்டும். உருகும் நீர் மொட்டில் படாதிருக்கப் புட்டியில் உறைய வைத்த நீரைப் பயன்படுத்துங்கள். ஐஸ் வேண்டாத பெட்டிகளிலும் அதே அளவுள்ள சாதாரண நீர்ப்புட்டி ஒன்று இருக்கட்டும். ஐஸ் புட்டியை மாற்றும்போதெல்லாம் மற்றதையும் மாற்றினால், மூடி திறக்கும் நேரமும் எல்லாப் பெட்டிகளுக்கும் சமமாகிவிடும்.

மூன்றாம் படி: நாளும் சீட்டும்

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று ஒரு நாள் சீறும், மறுநாள் அடங்கும். பூவின் தரமும் நாளுக்கு நாள் மாறும். அதனால் நான்கு சேர்க்கைகளையும் ஒரே நாளில், ஒரே குவியலிலிருந்து நன்றாகக் கலந்து எடுத்த மொட்டுகளைக் கொண்டு தொடங்கி, அந்த நாளை ஒரு தொகுதியாகக் கொள்ள வேண்டும். இதை மூன்று நாட்கள் செய்தால் மொத்தம் 12 பொதிகள் ஆகும். எந்தப் பெட்டிக்கு எந்தச் சேர்க்கை என்பதை ஒவ்வொரு நாளும் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள்.

நான்காம் படி: எண்களை வாசித்தல்

கணக்கைக் காட்டுவதற்காக நானே அமைத்துக்கொண்ட எண்கள் இவை. சந்தையில் அளந்தவை அல்ல. மூன்று நாட்களுக்கும் உரிய மணி நேரங்கள் வரிசையாக உள்ளன.

இலை, ஐஸ் இல்லை: 14, 12, 16 (சராசரி 14)
பாலித்தீன், ஐஸ் இல்லை: 12, 8, 10 (சராசரி 10)
இலை, ஐஸ் உண்டு: 20, 18, 22 (சராசரி 20)
பாலித்தீன், ஐஸ் உண்டு: 32, 28, 30 (சராசரி 30)

ஒவ்வொன்றாகச் சோதித்தவர் 14-ஐயும் 10-ஐயும் பார்த்துப் பாலித்தீனை ஒதுக்கியிருப்பார். பிறகு ஐஸ் வைத்து 20 மணி நேரத்தை எட்டி, அதுவே எல்லை என்று நிறுத்தியிருப்பார். 30 மணி நேரம் தரும் சேர்க்கை அவர் கண்ணில் படவே படாது. ஐஸ் இல்லாதபோது பாலித்தீன் 4 மணி நேரத்தைக் குறைக்கிறது. ஐஸ் இருக்கும்போது 10 மணி நேரத்தைக் கூட்டுகிறது. ஒரு காரணியின் விளைவு மற்றொன்றின் நிலையைப் பொறுத்து இவ்வாறு மாறுவதே இடைவினை. வெப்பத்தில் உறைக்குள் வியர்த்துப் பூ அழுகலாம்; குளிரில் அதே உறை ஈரத்தைக் காக்கலாம் என்று இதற்குக் காரணம் ஊகிக்கலாம்.

ஐந்தாம் படி: மாறுபாட்டுப் பகுப்பாய்வு

மணி நேரங்களில் காணும் மொத்த வேறுபாட்டை, காரணிகளுக்கும் இடைவினைக்கும் நாட்களுக்கும் தற்செயலுக்கும் உரிய பங்குகளாகப் பிரிப்பதே இப்பகுப்பாய்வு. நிலைகள் இரண்டே என்பதால் கணக்கு எளிது. பாலித்தீன் பொதிகளின் கூட்டுத்தொகை 120, இலைப்பொதிகளுடையது 102. வேறுபாடான 18-ஐ வர்க்கமாக்கி, பொதிகளின் எண்ணிக்கையான 12-ஆல் வகுத்தால் 27 கிடைக்கும். ஐஸுக்கு 150-இலிருந்து 72 போக 78. அதே வழியில் 507. இடைவினைக்கு, 90-ஐயும் 42-ஐயும் கூட்டி, அதிலிருந்து 30-ஐயும் 60-ஐயும் கழித்தால் 42, அதற்கு 147. 12 அளவீடுகளும் மொத்தச் சராசரியிலிருந்து விலகுவதை வர்க்கமாக்கிக் கூட்டிய மொத்த வர்க்கக் கூட்டுத்தொகை 713, நாட்களுக்கு உரியது 24. இவை எல்லாம் போக எஞ்சும் 8 பிழைக்கு, அதாவது தற்செயல் வேறுபாட்டுக்கு உரியது. பிழையின் கட்டின்மைப் படிகள் (தடையின்றி மாறக்கூடிய விலகல்களின் எண்ணிக்கை) 6 என்பதால் அதன் சராசரி வர்க்கம் 1.33. 27, 507, 147 ஆகியவற்றை இதனால் வகுக்கும்போது, தற்செயலைவிட விளைவு எத்தனை மடங்கு என்று காட்டும் எஃப் மதிப்புகள் பொதிபொருளுக்கு 20.25, ஐஸுக்கு 380.25, இடைவினைக்கு 110.25 என வருகின்றன. 5 சதவீத மட்டத்தில், அதாவது விளைவே இல்லாதபோது தற்செயலாகத் தாண்ட 5 சதவீத வாய்ப்பே உள்ள அட்டவணை மதிப்பு 5.99. மூன்றும் அதைத் தாண்டுகின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பொதிபொருளின் முதன்மை விளைவு, அதாவது ஐஸ் உண்டா இல்லையா என்று பிரிக்காமல் பார்க்கும் சராசரி வேறுபாடு, 3 மணி நேரம் பாலித்தீனுக்குச் சாதகமாகவும் புள்ளியியல் முறைப்படி குறிப்பிடத்தக்கதாகவும் இருக்கிறது. அதை மட்டும் படித்துவிட்டு ஐஸ் வசதி இல்லாத வியாபாரி அண்ணாச்சி ஒருவருக்குப் பாலித்தீனைப் பரிந்துரைத்தால் அவருக்கு நட்டம்தான். இடைவினை வலுவாக உள்ளபோது முதன்மை விளைவைத் தனியே சொல்லாமல், நான்கு சராசரிகளையும் சேர்த்தே எழுத வேண்டும். தமிழ்நாட்டில் 2019 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருப்பதால், உண்மையில் செய்யும்போது மக்கக்கூடிய உறையைச் சோதிப்பது பொருத்தம்.

மொட்டில் நீர் தெளிப்பதை மூன்றாம் காரணியாகச் சேர்த்தால் நாளொன்றுக்கு 8 பெட்டிகள் வேண்டும். ஐந்து காரணிகள் என்றால் 32. அந்த அளவுக்குப் போகும்போது எல்லாச் சேர்க்கைகளையும் செய்யாமல் தேர்ந்தெடுத்த ஒரு பகுதியை மட்டும் செய்யும் பின்னத் திட்டங்கள் உண்டு, 1940-களில் இந்தியப் புள்ளியியலாளர் சி. ஆர். ராவ் உருவாக்கிய செங்குத்து அணிகள் (எந்த இரு காரணிகளை எடுத்தாலும் அவற்றின் நிலைச் சேர்க்கைகள் சம எண்ணிக்கையில் வரும் அட்டவணைகள்) அவ்வகைத் திட்டங்களுக்குப் பயன்படுகின்றன. ஆனால் பகுதியை மட்டும் செய்தால் சில இடைவினைகள் வேறு விளைவுகளோடு கலந்துவிடும் என்பதால், முதல் பரிசோதனைக்கு 12 பெட்டிகளே போதும்.