‘திஸ் இஸ் அமெரிக்கா’: ஓர் இசைக் காணொலியை ஊன்றிப் பார்ப்பது எப்படி?

நான்கு நிமிடம் ஓடும் ஒரு பாடல் காட்சியைப் பற்றி நான்கு பக்கம் எழுத முடியுமா? தாராளமாக முடியும். அதற்குத் திரைப்படக் கல்லூரியில் படித்திருக்க வேண்டியதில்லை. எதை, எந்த வரிசையில் கவனிப்பது என்று தெரிந்தால் போதும். அந்த வரிசையை ஒரே ஒரு காணொலியை வைத்து இங்கே விளக்குகிறேன்.

சைல்டிஷ் காம்பினோ என்ற பெயரில் பாடும் அமெரிக்கக் கலைஞர் டொனால்ட் குளோவரின் ‘திஸ் இஸ் அமெரிக்கா’தான் அது. இயக்கியவர் ஹிரோ முராய். 2018 மே 5 அன்று வெளியானது. 2019-இல் சிறந்த இசைக் காணொலி உட்பட நான்கு கிராமி விருதுகள் இந்தப் பாடலுக்குக் கிடைத்தன. விருதுக்காக இதைத் தேர்ந்தெடுக்கவில்லை. பார்ப்பவரின் கண்ணையே தன் பாடுபொருளாக்கிக்கொண்ட காணொலி இது. பார்க்கக் கற்றுக்கொள்ள இதைவிடப் பொருத்தமான ஒன்று எனக்குத் தெரியவில்லை.

ஓர் எச்சரிக்கை: இதில் துப்பாக்கிச் சூடு நேரடியாகக் காட்டப்படுகிறது. குழந்தைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம். இன்னொன்று, கைபேசியில் பார்க்காதீர்கள். முக்கியமானவை பல திரையின் மூலைகளில் சிறியதாக நடக்கின்றன. கணினியும் ஹெட்ஃபோனும் நல்லது.

முதல் படி: குறிப்பெடுக்காமல் ஒருமுறை பாருங்கள்

முழுவதும் பார்த்து முடித்தவுடன், மனத்தில் முதலில் நிற்பது என்ன என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். யார் எழுதிய விளக்கத்தையும் அதற்கு முன்னால் படிக்காதீர்கள். மற்றவர் சொன்ன குறியீடுகளைத் தெரிந்துகொண்டு பார்த்தால், அவற்றைத் தேடிப்பிடிக்கும் வேலையில் கண் இறங்கிவிடும். மற்றவை தப்பிவிடும்.

இரண்டாம் படி: ஒலியை நிறுத்திவிட்டுப் பட்டியல் போடுங்கள்

பாடல் நம்மை இழுத்துச் செல்லும். ஒலி இல்லாதபோதுதான் படம் தனியாகத் தெரியும். தாளில் நான்கு நெடுவரிசைகள் போட்டுக்கொள்ளுங்கள்: நேரம், முன்னால் நடப்பது, பின்னால் நடப்பது, கேமரா என்ன செய்கிறது. யூடியூபில் காணொலியை நிறுத்திவைத்துக் கால்புள்ளி, முற்றுப்புள்ளி விசைகளை அழுத்தினால் ஒவ்வொரு ஃப்ரேமாக, அதாவது காணொலியின் ஒவ்வொரு தனிப் படமாக, பின்னும் முன்னும் நகரும். இந்த வேலைக்கு அது பெரிய உதவி.

இந்தக் கட்டத்தில் ஒரு கட்டுப்பாடு அவசியம். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் எழுத வேண்டும். ‘இரக்கமில்லாமல் சுடுகிறார்’ என்று எழுதினால் அதில் உங்கள் தீர்ப்பு கலந்துவிட்டது. ‘இடுப்பின் பின்புறமிருந்து துப்பாக்கியை எடுக்கிறார், முழங்காலை மடக்கி, உடலைப் பக்கவாட்டில் வளைத்து நின்று, முன்னால் உட்கார்ந்திருப்பவரின் தலையில் சுடுகிறார்’ என்பது விவரிப்பு. இந்த இரண்டாவது வாக்கியத்தைப் பொறுமையாக எழுதியவருக்குத்தான், அந்த நிற்கும் விதம் ஏன் அப்படி இருக்கிறது என்ற கேள்வி எழும். பிறகு வரப்போகும் விளக்கம் முழுவதும் அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறக்கிறது.

உங்கள் பட்டியலின் தொடக்கம் ஏறக்குறைய இப்படி இருக்கும். காலியான பெரிய கிடங்கு, ஒரு நாற்காலி, அதன்மேல் கிதார். ஒருவர் வந்து உட்கார்ந்து வாசிக்கிறார். கேமரா நகர, முதுகைக் காட்டி நிற்கும் குளோவர் தெரிகிறார். திரும்பி ஆடத் தொடங்குகிறார். கிதார்காரரை நோக்கி வருகிறார். மீண்டும் நாம் கிதார்காரரைப் பார்க்கும்போது அவர் கையில் கிதார் இல்லை, தலையில் துணி மூடியிருக்கிறது. முதல் நிமிடம் முடிவதற்குள் முதல் துப்பாக்கிக் குண்டு வெடித்துவிடுகிறது.

மூன்றாம் படி: கேமராவைத் தனியாகக் கவனியுங்கள்

எங்கே வெட்டு விழுகிறது, அதாவது ஒரு ஷாட் (இடைவெளியில்லாமல் எடுத்த காட்சித் துண்டு) முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான இசைக் காணொலிகளில் ஒரு விநாடிக்கும் இரண்டு விநாடிக்கும் ஒருமுறை ஷாட் மாறும். இங்கே கேமரா ஒரே மூச்சில் குளோவரைப் பின்தொடர்வதுபோல நீண்ட ஷாட்கள். வெட்டுகள் கண்ணில் படாதபடி மறைந்திருக்கின்றன. இதனால் என்ன நேர்கிறது? வெட்டு விழும்போது பார்வையாளனுக்கு மூச்சுவிட ஓர் இடைவெளி கிடைக்கும். இங்கே அது கிடைப்பதில்லை. ஆடிக்கொண்டிருந்தவர் சுடுகிறார், சுட்டவர் அப்படியே மறுபடி ஆடுகிறார், நாமும் அவர் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறோம். செத்துக் கிடப்பவரிடம் கேமரா நிற்பதே இல்லை. அது யாரைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பது இதிலேயே தெரிந்துவிடுகிறது.

நான்காம் படி: பின்புலத்தை மட்டும் பாருங்கள்

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். உள்ளங்கை அளவு காகிதம் ஒன்றை வெட்டித் திரையின் நடுவில் பிடித்துக்கொள்ளுங்கள். குளோவரும், பள்ளிச் சீருடையில் அவரோடு ஆடும் பிள்ளைகளும் பெரும்பாலும் மறைந்துவிடுவார்கள். இப்போது காணொலியை முதலிலிருந்து ஓட்டுங்கள்.

வேறொரு படம் ஓடும். சுடப்பட்டவரின் உடலைத் தரையோடு இழுத்துச் செல்கிறார்கள். மக்கள் சிதறி ஓடுகிறார்கள். ஒரு கார் எரிகிறது. காவல்துறை வண்டி வருகிறது. முகம் மூடிய ஒருவர் வெளிறிய குதிரைமேல் குறுக்கே போகிறார். இவற்றில் எத்தனையை முதல்முறை பார்த்தபோது கவனித்தீர்கள் என்று, முதல் படியில் எழுதிய அந்த இரண்டு வரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மிகப் பலர் நடனத்தைத்தான் எழுதியிருப்பார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: பின்னால் நடப்பது எதுவும் மறைக்கப்படவில்லை. எல்லாம் ஃப்ரேமுக்குள்ளேயே, நல்ல வெளிச்சத்தில் நடக்கிறது. ஷெர்ரி சில்வர் அமைத்த நடனம் அவ்வளவு ஈர்ப்பானது. தென்னாப்பிரிக்காவின் குவாரா குவாரா அசைவுகள்கூட அதில் உண்டு. அந்த நடனத்தின்மேல் கண் ஒட்டிக்கொள்கிறது. கறுப்பின மக்களின் இசையையும் ஆட்டத்தையும் கொண்டாடிக்கொண்டே, அவர்கள்மீது நடக்கும் வன்முறையைப் பார்க்காமல் கடந்துபோகும் ஒரு நாட்டைப் பற்றிய காணொலி இது என்பது என் முடிவு. அந்தக் கடந்துபோதலை இது சொற்களால் குற்றம் சாட்டுவதில்லை, நம்மையே செய்யவைத்துவிடுகிறது. முராயின் திறமையில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

தமிழ்த் திரைப்பாடல்களைப் பார்த்துப் பழகிய நமக்கு இந்தப் படி கொஞ்சம் கடினம். அங்கே கதை முன்பே தெரியும். நாயகன் ஏன் ஆடுகிறான் என்று யாரும் சொல்லத் தேவையில்லை. பின்னால் இருப்பவர்கள் பெரும்பாலும் அழகுக்கு நிற்பவர்கள். தனித்து நிற்கும் இசைக் காணொலிக்கு முன்கதை கிடையாது. அதற்குரிய செய்தி அத்தனையும் ஃப்ரேமுக்குள் கிடைப்பதிலிருந்துதான் வர வேண்டும்.

ஐந்தாம் படி: உடல், உடை, பொருள்கள்

முதல் துப்பாக்கிச் சூட்டில் படத்தை நிறுத்துங்கள். வளைந்த இடுப்பு, மடங்கிய முழங்கால், கோணலான முகம். இப்போது ‘ஜிம் க்ரோ’ என்ற பெயரில் 19-ஆம் நூற்றாண்டில் அச்சான படங்களைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் ரைஸ் என்ற வெள்ளையின நடிகர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பின மனிதரைக் கேலிப்பொருளாக்கி ஆடிய பாத்திரம் அது. பின்னாளில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களைப் பள்ளியிலும் பஸ்ஸிலும் உணவகத்திலும் பிரித்துவைத்த சட்டங்களுக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே நிலைத்தது. 1960-களின் நடுப்பகுதி வரை அந்தச் சட்டங்கள் நீடித்தன. சிரிப்பு மூட்ட ஆடிய அதே உடல் வளைவோடு ஒருவர் துப்பாக்கியை நீட்டும்போது, கேளிக்கையும் கொலையும் ஒரே தோரணைக்குள் வந்துவிடுகின்றன. இப்படிச் சொல்வதற்கு இரண்டு படங்களையும் அருகருகே வைத்து இடுப்பு, முழங்கால், தலையின் சாய்வு என்று ஒவ்வொன்றாகக் காட்ட முடிகிறது. அதனால்தான் இந்த விளக்கத்தை நம்புகிறேன்.

பொருள்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். சுட்டு முடித்ததும் ஓர் இளைஞன் சிவப்புத் துணியை ஏந்தி நிற்கிறான். துப்பாக்கி அதில் பத்திரமாக வைக்கப்படுகிறது. அதே வேளையில் உடல் தரையில் இழுபடுகிறது. நடுவில் ஒரு தேவாலயப் பாடகர் குழுவைச் சுட்ட பிறகும் துப்பாக்கிக்கு அதே மரியாதை. ஆயுதத்துக்குக் கிடைக்கும் கவனிப்பு மனிதனுக்குக் கிடைக்கவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்க வரலாறுகூடத் தெரிய வேண்டாம். தொடக்கநிலையில் எழுதுபவர்கள் இப்படிப்பட்ட, ஃப்ரேமே சாட்சி சொல்லும் இடங்களிலிருந்து தொடங்குவது நல்லது.

ஆறாம் படி: ஒலியையும் படத்தையும் சேர்த்துப் பாருங்கள்

இப்போது ஒலியைத் திறந்துவிடுங்கள். தொடக்கத்தில் இதமான கிதாரும் கூட்டுக் குரல்களும். முதல் குண்டு வெடித்த கணத்தில் இசை அடியோடு மாறி, கனத்த பேஸ் அதிர்வு வந்துவிடுகிறது. பாடலின் இரண்டு பகுதிகளையும் பிரிக்கும் கோடே துப்பாக்கி ஒலிதான். பிறகு செல்பேசியைப் பற்றிய வரி வரும் இடத்தில் கேமரா மேலே திரும்ப, உயரத்தில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்கள் வாயைத் துணியால் மூடிக்கொண்டு கீழே நடப்பதை ஃபோனில் படம் பிடிப்பது தெரிகிறது. வரியும் படமும் இப்படிச் சந்திக்கும் இடங்களையும், ஒன்றுக்கொன்று எதிராகப் போகும் இடங்களையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: வரலாற்றைக் கொண்டுவாருங்கள், தேதியைச் சரிபார்த்து

ஆர்வமுள்ளவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. கண்டதெல்லாம் குறியீடாகத் தோன்றத் தொடங்கும். உங்கள் குறிப்புகளை மூன்றாகப் பிரியுங்கள்: கண்ணால் கண்டது, சான்றோடு சொல்லக்கூடியது, ஊகம்.

ஏறத்தாழ நடுவில் வரும் காட்சியை எடுத்துக்கொள்வோம். தேவாலயப் பாடகர் குழு ஒன்று உற்சாகமாகப் பாடிக்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் குளோவர், தன்னிடம் வீசப்படும் தானியங்கித் துப்பாக்கியால் அத்தனை பேரையும் சுட்டு வீழ்த்துகிறார். 2015 ஜூன் 17 அன்று தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரில், கறுப்பின மக்களின் பழமையான இமானுவேல் தேவாலயத்தில் வேத வகுப்புக்கு வந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளையின வெறியன் சுட்டுக் கொன்றான். காணொலி அந்தக் கொலைகளை நினைவூட்டுகிறது என்று எழுத வலுவான காரணம் உண்டு. அந்த நிகழ்ச்சியை அப்படியே மறுபடி நடித்துக் காட்டுகிறது என்று எழுதினால் அது மிகை.

செல்பேசி வரியைக் கேட்டவர்கள் பலர் ஸ்டெஃபான் கிளார்க்கை நினைத்தார்கள். சாக்ரமென்டோ நகரில் 2018 மார்ச் 18 அன்று, பாட்டி வீட்டின் பின்முற்றத்தில், கையில் ஃபோன் மட்டுமே வைத்திருந்த அந்த இளைஞரைக் காவலர்கள் சுட்டுக் கொன்றனர். காணொலி வெளியானது அதற்கு ஏழு வாரங்கள் கழித்து. வரி எப்போது எழுதப்பட்டது என்பதற்குச் சான்று கையில் இல்லாமல் ‘அவரைப் பற்றித்தான் எழுதினார்’ என்று சொல்லக் கூடாது. ‘அன்று கேட்டவர்களின் மனத்தில் அந்தச் சாவு பசுமையாக இருந்தது’ என்று சொல்லலாம். படைத்தவரின் நோக்கம் வேறு, பார்த்தவர்கள் பெற்றுக்கொண்டது வேறு. இரண்டையும் பிரித்து எழுதத் தெரிந்தவரின் கட்டுரை ஒரு படி உயர்ந்து நிற்கும்.

ஊகப் பெட்டிக்கு இரண்டு உதாரணங்கள். குளோவரின் வெளிர்நிறக் கால்சட்டை, அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைக்காகப் போரிட்ட தென் மாநிலப் படையின் சீருடை என்று பலர் எழுதினார்கள். நிறம் ஒத்துப்போகிறது, அதற்குமேல் உறுதியில்லை. இறுதியை நோக்கிப் போகும்போது இசை நின்று அமைதி நிலவும் இடம் 17 விநாடி என்றும், 2018 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் நகரப் பள்ளியில் சுட்டுக் கொல்லப்பட்ட 17 பேருக்கானது அது என்றும் ஒரு கருத்து பரவியது. கடிகாரத்தை வைத்து அளந்து பாருங்கள்: அமைதி எந்தக் கணத்தில் தொடங்குகிறது என்று நீங்கள் முடிவுசெய்வதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். குதிரையைப் பற்றிய ஊகம் இவற்றைவிடக் கொஞ்சம் வலுவானது. விவிலியத்தின் திருவெளிப்பாடு 6:8-இல் வெளிறிய குதிரைமேல் சாவு வருகிறது. தேவாலயப் பாடகர்கள் இருக்கும் காணொலியில் அந்தத் தொடர்பு பொருந்துகிறது. குளோவரோ இதன் பொருளை விளக்கச் சொன்னபோதெல்லாம் பெரும்பாலும் மறுத்துவிட்டார். எனவே பொறுப்பு நம்முடையது.

எட்டாம் படி: எழுதுங்கள்

ஒரு கருத்து, அதற்கு இரண்டு ஃப்ரேம் சாட்சி, ஓர் எதிர்வாதம். முதல் கட்டுரைக்கு இவ்வளவு போதும். மாதிரிக்கு ஒரு பத்தி:

‘இந்தக் காணொலியில் பொழுதுபோக்கு ஒரு திரைச்சீலை. குளோவரும் மாணவர்களும் முன்னால் ஆடும்போதெல்லாம் அவர்களுக்குப் பின்னால் மக்கள் உயிருக்கு ஓடுகிறார்கள். கேமரா ஆடுபவர்களை விட்டு விலகுவதில்லை. இறுதியில் இந்த ஏற்பாடு தலைகீழாகிறது. இருட்டில், பீதி நிறைந்த முகத்தோடு குளோவர் நம்மை நோக்கி ஓடிவருகிறார். பின்னால் மங்கலாக ஒரு கூட்டம் துரத்துகிறது. இதுவரை பின்புலத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்களின் இடத்துக்கு ஆட்டக்காரரே வந்துவிட்டார்.’

எதிர்வாதத்தை நீங்களே தேடி எழுதுங்கள். கறுப்பின மக்களின் சாவை மீண்டும் ஒரு காட்சிப்பொருளாக்கிவிட்டது என்று இந்தக் காணொலியைக் கண்டித்தவர்கள் உண்டு. அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. பாடகர் குழு சுடப்படும் கணத்தின் அதிர்ச்சி, பார்ப்பவரைச் சிந்திக்க வைக்கிறதா, அல்லது வெறும் அதிர்ச்சியாக நின்றுவிடுகிறதா? உங்கள் பட்டியலில் அந்த நேரத்துக்கு எதிரே எழுதிய வரிகளை எடுத்துவைத்துக்கொண்டு இதற்குப் பதில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் நிமிடமும் விநாடியும் குறிக்க முடிகிறதா என்று பாருங்கள். குறிக்க முடியாத வாக்கியத்தை நீக்கிவிட்டு, மீண்டும் காணொலிக்குத் திரும்புங்கள்.