சிங்கப்பூரில் சனி, ஞாயிறு: மது விஷயத்தில் முதன்முறை செல்பவர்கள் செய்யும் தவறுகள்

அண்மையில் ஒரு சனிக்கிழமை மாலை, திருச்சியிலிருந்து என்னுடன் வந்திருந்த குழுவில் இரண்டு இளைஞர்களைக் காணவில்லை என்று தேடிக்கொண்டு போனேன். லிட்டில் இந்தியாவில், சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தின் நடைபாதையில் அமர்ந்து, அப்போதுதான் வாங்கிய பியர் டின்களைத் திறக்கப்போனார்கள். நான் கையைப் பிடித்துத் தடுத்தபோது, "அண்ணே, கடையில பில்லு போட்டுத்தானே குடுத்தாங்க?" என்று ஒருவர் கேட்டார். குழு அழைத்துச் செல்லும் தொழிலுக்கு நான் புதிதாக வந்திருந்த காலத்தில், ஏறக்குறைய அதே இடத்தில், அதே கேள்வியை ஒரு காவல் அதிகாரியிடம் நானே கேட்டிருக்கிறேன். அந்த ஒற்றுமை என்னை உலுக்கியதால்தான் இதை எழுதுகிறேன்.

குப்பை போடாதீர்கள், எச்சில் துப்பாதீர்கள், சூயிங்கம் கொண்டுபோகாதீர்கள் என்பவை எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

விற்கும் நேரமும் குடிக்கும் நேரமும் ஒன்று என நினைப்பது

சிங்கப்பூரின் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2015 ஏப்ரல் 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி, தீவு முழுவதும் இரவு 10.30 மணி முதல் காலை 7 மணி வரை பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. அந்த நேரத்தில் எடுத்துச் செல்வதற்காகக் கடைகளில் மது விற்கவும் கூடாது. பூங்கா, கடற்கரை, நடைபாதை ஆகியவற்றுடன் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளமும் பொது இடம்தான். இந்த அளவுக்குப் பெரும்பாலானோர் தெரிந்துகொண்டு வருகிறார்கள். பயண நிறுவனங்கள் கொடுக்கும் குறிப்புத்தாள்களிலும் "இரவு 10.30" என்பது தவறாமல் இருக்கும்.

அந்தத் தாள்களில் பெரும்பாலும் விடுபட்டுப்போவதுதான் நம்மவர்களுக்கு மிகவும் தேவையானது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் தனிக் கட்டுப்பாட்டு வட்டாரங்களாக அறிவிக்கப்பட்டவை. அங்கே சனிக்கிழமை காலை 7 மணி முதல் திங்கட்கிழமை காலை 7 மணி வரை, பகல் இரவு என்ற பேதமே இல்லாமல், பொது இடத்தில் குடிப்பது குற்றமாகும். ஆனால் அதே வட்டாரக் கடைகள் சனி, ஞாயிறுகளில் மாலை 7 மணி வரை மதுவை விற்கலாம். ஆக, சனிக்கிழமை மாலை 6 மணிக்கு லிட்டில் இந்தியாவில் ஒரு பியரை முறைப்படி வாங்கலாம், கடை வாசலில் நின்று அதைத் திறக்க முடியாது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் சாப்பாட்டுக்காகவும் முஸ்தபா கடைக்காகவும் தங்குவது பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான். அவர்களில் பலர் அங்கே இருப்பதும் வார இறுதியில்தான்.

நான் மாட்டிக்கொண்டதும் அப்படித்தான். பணம் கொடுத்து வாங்கிய டின்னைத் திடலைப் பார்த்த ஒரு பெஞ்சில் அமர்ந்து திறந்தேன். சில நிமிடங்களில் இரண்டு அதிகாரிகள் வந்து, மிகவும் மரியாதையாக, மிச்சத்தைக் கொட்டிவிட்டு இடத்தைவிட்டுப் போகச் சொன்னார்கள். நான் உடனே எழுந்து போயிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மணி ஆறுதானே ஆகிறது, பில் இருக்கிறதே, நான் யாருக்கும் தொந்தரவு செய்யவில்லையே என்று வாதாடத் தொடங்கினேன். கடவுச்சீட்டு விவரங்களைக் குறித்துக்கொண்டு, விசாரித்து, எச்சரித்து அனுப்புவதற்குள் வெகுநேரம் ஆகிவிட்டது. விடுதி வாசலில் காத்திருந்த 18 பேருக்கும் நேரம் குறித்து வாங்கியிருந்த நைட் சஃபாரி நுழைவுச்சீட்டுகள் வீணாயின. மறுநாள் அத்தனையையும் என் கைப்பணத்தில் மீண்டும் வாங்கினேன். குழுவில் இருந்த பெரியவர் ஒருவர் பயணம் முடியும்வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

எனக்கு நேர்ந்தது எச்சரிக்கை மட்டுமே. தடை நேரத்தில் பொது இடத்தில் குடித்தால் முதல் முறை 1,000 வெள்ளி வரை அபராதம் உண்டு (சிங்கப்பூர்த் தமிழர்கள் டாலரை வெள்ளி என்பார்கள்). மறுமுறை பிடிபட்டால் 2,000 வெள்ளி வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ விதிக்கப்படலாம். கட்டுப்பாட்டு வட்டாரத்துக்குள் தண்டனை இன்னும் கடுமை.

இந்த வட்டாரத்துக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்பவர்களுக்கு நான் 2013 டிசம்பர் 8ஆம் தேதியைச் சொல்வேன். அன்று ஞாயிற்றுக்கிழமை இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹாம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், தமிழ்நாட்டைச் சேர்ந்த கட்டுமானத் தொழிலாளி ஒருவர் தனியார் பேருந்தில் அடிபட்டு இறந்தார். அதைத் தொடர்ந்து சில நூறு பேர் ஈடுபட்ட கலவரத்தில் காவல் வாகனங்களும் ஆம்புலன்ஸும் தாக்கப்பட்டன, சில எரிக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கலவரத்தையே பார்த்திராத ஊர் அது. முன்னாள் நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு, நிலைமை மோசமானதற்கு மதுவும் ஒரு முக்கியக் காரணம் என்று கூறியது. இன்றைய சட்டம் அதன் பிறகு பிறந்தது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போன ஒருவர் உயிரிழந்த தெருவில்தான் நாம் விடுமுறைக்குப் போய் நிற்கிறோம் என்பதை அறிந்தவர்கள், அதிகாரியிடம் பில்லைக் காட்டி வாதாட மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

செய்யக்கூடியது எளிது. மூடிய பாட்டிலை எடுத்துக்கொண்டு விடுதி அறைக்குப் போய்க் குடிக்கலாம். உரிமம் பெற்ற உணவகத்தில் அமர்ந்தும் குடிக்கலாம். உணவகத்தில் வாங்கிய கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு தெருவுக்கு வராமல் இருந்தால் போதும். பியர் எல்லாம் மதுவா என்று கேட்காதீர்கள்: 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள எதுவும் அங்கே மதுதான், கள்ளும் அதில் அடங்கும்.

தீபாவளி விளக்கு அலங்காரம் பார்க்கப் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ள வேண்டும். தீபாவளி அங்கே பொது விடுமுறை. லிட்டில் இந்தியாவில் விடுமுறைக்கு முந்தைய நாள் மாலை 7 மணிக்கே தடை தொடங்கி, விடுமுறைக்கு மறுநாள் காலை 7 மணி வரை நீடிக்கும். வாரநாள்தானே என்று எண்ணி ஏமாறுவது இங்கேதான்.

அதிகாரியிடம் பணம் நீட்டுவது

இதை ஒரு குழுவில் கண்ணால் பார்த்தேன். பணப்பையைத் திறந்து ஐம்பது வெள்ளித் தாளை உருவிய பயணியின் கையை, அது அதிகாரியின் பார்வைக்குப் போகுமுன் நான் மறைத்துவிட்டேன். ஊரில் பழகிய வழக்கம் அவரை அறியாமலே வந்துவிட்டது. சிங்கப்பூரில் லஞ்சம் கொடுக்க முன்வருவதே குற்றம். எதிரில் இருப்பவர் மறுத்தாலும் குற்றம் குற்றம்தான். ஊழல் தடுப்புச் சட்டத்தின்படி 1,00,000 வெள்ளி வரை அபராதமும் ஐந்து ஆண்டு வரை சிறையும் விதிக்க முடியும். சில நூறு வெள்ளியோடு போயிருக்கக்கூடிய ஒரு விஷயத்தை ஆண்டுக்கணக்கான சிறையாக மாற்றிக்கொள்ள ஒரு நொடி போதும்.

மலேசியாவிலிருந்து பாட்டில் கொண்டுவருவது

கோலாலம்பூர், லங்காவி பார்த்துவிட்டுப் பேருந்தில் உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச்சாவடி வழியாகச் சிங்கப்பூருக்குள் நுழையும் குழுக்கள் ஏராளம். லங்காவியில் வரியில்லாமல் வாங்கியதால் இங்கும் வரி இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். சிங்கப்பூரின் மது வரிச்சலுகை, 18 வயது நிறைந்து, குறைந்தது 48 மணி நேரம் வெளியே இருந்துவிட்டு, மலேசியா அல்லாத வேறு இடத்திலிருந்து வருபவருக்கு மட்டுமே உரியது. மலேசியாவிலிருந்து வருபவர் ஒரு பாட்டில் வைத்திருந்தாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டிய பொருள் உள்ளவர்களுக்கான சிவப்புத் தடத்துக்குச் சென்று, தாமாக அறிவித்து, வரி கட்ட வேண்டும். சிகரெட்டுக்கு எங்கிருந்து வந்தாலும் சலுகை கிடையாது.

விமானத்தில் அளவு மறப்பது

இலவசமாகக் கொடுக்கிறார்கள் என்பதற்காக அடுத்தடுத்துக் கேட்டு வாங்குகிறவர்களை நான் இப்போது பயணத்துக்கு முன்பே தனியாக அழைத்துப் பேசிவிடுகிறேன். சிங்கப்பூர் விமானத்துக்குள் நடக்கும் குற்றத்தைச் சிங்கப்பூரில் நடந்ததாகவே கருதி வழக்குத் தொடர முடியும். பணிப்பெண்ணைத் தொட்டுப் பேசுவதை நம்மில் சிலர் இன்னும் விளையாட்டாகவே எண்ணுகிறார்கள். மானபங்கக் குற்றத்துக்கு அங்கே மூன்று ஆண்டு வரை சிறை, அபராதம், பிரம்படி ஆகியவை உண்டு. குடித்திருந்தேன், நினைவில்லை என்ற சமாதானம் நீதிமன்றத்தில் எடுபடாது.

ரயிலில் குடிப்பது

தண்ணீரும் கூடாது.

வேப்

மின்சிகரெட்டான இதைப் பயன்படுத்துவது மட்டுமின்றிக் கையில் வைத்திருப்பதும் 2018 முதல் குற்றம் என்பதால், அதை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.