டிஜிட்டல் கையெழுத்துப் பெட்டி: அழகுபடுத்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரை வடக்கு மாசி வீதியில் எங்களுடையது கணக்கு பார்க்கும் அலுவலகம். வரிக் கணக்கு, டெண்டர், இன்வாய்ஸ் என்று நாள் முழுக்க டோக்கனை (கையெழுத்துச் சான்றிதழும் ரகசியச் சாவியும் உள்ள யுஎஸ்பி கருவி) கணினியில் செருகி பிடிஎஃப் கோப்புகளில் கையெழுத்திடும் வேலை. அப்படிக் கையெழுத்திட்டதும் பெயர், தேதியோடு பக்கத்தில் தெரியும் கட்டம்தான் கையெழுத்துப் பெட்டி. பி.காம். முடித்து வேலை பழக வரும் பிள்ளைகள், வந்த வேகத்தில் அந்தக் கையெழுத்துப் பெட்டியை அலங்கரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். டோக்கன் கடவுச்சொல்லை மறப்பது போன்றவை தாமாகவே சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வெள்ளைப் பின்னணி

தாளில் போட்ட கையெழுத்தை ஸ்கேன் செய்து அப்படியே பெட்டிக்குள் வைத்தால், வெள்ளைக் கட்டம் கீழே உள்ள தொகையை மறைத்துவிடும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படம் வேண்டும். என்னைக் கேட்டால் படமே வேண்டாம். அதை யாரும் வெட்டியெடுத்து வேறு கோப்பில் ஒட்டலாம். பெயரும் தேதியும் போதும்.

பெட்டியை நகலெடுத்து ஒட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. மேலூர்ப் பக்கத்து ஒப்பந்ததாரர் ஒருவரின் டெண்டர் ஆவணம். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து தெரிய வேண்டும் என்றார். வேலை பழக வந்த பையன் முதல் பக்கத்தில் முறையாகக் கையெழுத்திட்டான். பிறகு அந்தப் பெட்டியைத் திரையில் படம் பிடித்து மற்றப் பக்கங்களில் ஒட்டி, ‘பிரிண்ட் டு பிடிஎஃப்’ கொடுத்துப் புதுக் கோப்பாக்கிப் பதிவேற்றிவிட்டான். பார்ப்பதற்கு அச்சுப் பிசகாமல் இருந்தது. திறந்து பார்த்த அதிகாரிக்குப் பக்கத்துக்குப் பக்கம் பெட்டி கிடைத்தது, கையெழுத்து ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. டெண்டர் தள்ளுபடி. முன்வைப்புத் தொகை திரும்பி வந்தது. வேலை வேறொருவருக்குப் போயிற்று.

பெட்டி வெறும் ஓவியம். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 3-ஆம் பிரிவில் சொல்லும் கையொப்பம், கோப்பு முழுவதிலிருந்தும் கணக்கிட்ட ஹாஷ் மதிப்பை (கோப்பின் கைரேகை போன்ற ஓர் எண்) உங்கள் ரகசியச் சாவியால் பூட்டியது. அது கோப்புக்குள் தனியே இருக்கிறது. அச்சுக்கு அனுப்பினால் ஓவியம் மட்டும் புதுக் கோப்புக்குப் போகும். கோப்பைச் சுருக்கும் தளங்களும் பல கோப்புகளை ஒன்றாக்கும் தளங்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆகவே சுருக்குவது, சேர்ப்பது, பக்க எண் இடுவது எல்லாவற்றையும் முடித்துவிட்டுக் கடைசியாகக் கையெழுத்திடுங்கள். பெட்டி கோணலாக விழுந்ததா? கையெழுத்தில்லாத மூலக் கோப்பை எடுத்து மறுபடி போடுங்கள்.

இன்னொன்று: ஒரு கையெழுத்தே எல்லாப் பக்கங்களையும் காக்கும். பக்கந்தோறும் தெரிந்தே ஆக வேண்டும் என்றால், கையெழுத்து மென்பொருள்கள் பலவற்றில் ‘எல்லாப் பக்கமும்’ என்ற தேர்வு இருக்கிறது. அனுப்புமுன் அடோபி ரீடரில் பெட்டியைச் சொடுக்கிப் பாருங்கள். விவரம் திறக்கவில்லை என்றால் அது படம்.

பச்சை டிக்

கையெழுத்தைச் சரிபார்த்த பிறகு மென்பொருள் காட்ட வேண்டிய குறி இது. படமாக வைக்கவே வைக்காதீர்கள்.

மஞ்சள் கேள்விக்குறி

கோப்பைத் திறக்கும்போது பெட்டியில் இது தெரிந்தால், சான்றிதழை அந்தக் கணினி இன்னும் நம்பவில்லை என்று பொருள். வடிவத்தை மாற்றி அதைப் போக்க முடியாது.

தேதி

நேரமுத்திரை சர்வர் (கையெழுத்திட்ட நேரத்தை வெளியிலிருந்து உறுதிசெய்யும் இணையச் சேவை) இணைக்காவிட்டால் கணினியின் கடிகாரம் காட்டுவதே பெட்டியில் விழும். பழைய கணினி என்றால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

தமிழில் இடப்பெயர்

ஆசைதான், எனக்கும் உண்டு. ஆனால் சில மென்பொருள்களுக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியாது. ‘மதுரை’ என்று கொடுத்தால் ஐகாரக் கொம்பு ரகரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சிலவற்றில் வெறும் கட்டங்கள்தான் வரும். வெற்றுக் கோப்பு ஒன்றில் போட்டுப் பார்த்து, சரியாக வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வராவிட்டால் இடம் என்ற வரியையே நீக்கிவிடலாம். கையெழுத்து செல்லுவதற்கு அது தேவையில்லை.