மூக்குக் குழாய் உணவு: கலக்கும்போதும் கொடுக்கும்போதும் கிருமியை விலக்குவது

மூக்கு வழியாக இரைப்பைக்கு விட்ட குழாயில் உணவு பெறும் நோயாளிக்கு வயிறு போனால் பழி முதலில் நீரில் கலக்கும் உணவுப் பவுடர் மீதுதான் விழும். பிராண்டை மாற்றுவார்கள், இல்லாவிட்டால் தண்ணீரைக் கூட்டிக் கலப்பார்கள். அதற்குமுன் கலந்த கையையும், கலந்த பாத்திரத்தையும், கலந்த உணவு பையில் எவ்வளவு நேரம் தொங்கியது என்பதையும் பார்க்க வேண்டும்.

சீல் பிரிக்காத டின்னிலும் பவுடர் கிருமியற்றது அல்ல. தொழிற்சாலையில் சூடாக்கி அடைத்த திரவ உணவுதான் கிருமி நீக்கப்பட்டது. உலர்ந்த பவுடரில் குரோனோபாக்டர் போன்ற பாக்டீரியா மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் ஸ்போர்கள் (கெட்டி உறைக்குள் உறங்கும் வடிவம்) கொதிநீரையும் தாங்கும். கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர் வகைகள் கையிலிருந்தும் கழுவுத்தொட்டியிலிருந்தும் வந்து சேரும். தண்ணீர், சர்க்கரை, புரதம் மூன்றும் கலந்த உணவு இவற்றுக்கு ஆய்வகத்தில் வைக்கும் வளர்ப்பு ஊடகம் போலத்தான்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் பாக்டீரியா பத்து மட்டும் உள்ளே போனதாக வைத்துக்கொள்வோம். 4 மணி நேரத்தில் 12 முறை இரட்டித்து ஏறக்குறைய 41,000 ஆகும். 8 மணி நேரத்தில் 16 கோடியைத் தாண்டும். அறை வெப்பத்தில் வேகம் இதைவிடக் குறைவு, தொடக்கத்தில் சிறிது தயக்கமும் உண்டு. ஆனாலும் தொங்கும் நேரத்துக்கு வரம்பு வைப்பதன் காரணம் இந்தக் கணக்குதான். தண்ணீரில் கலந்த பவுடருக்கு 4 மணி நேரம். டப்பாவிலிருந்து பையில் ஊற்றிய திரவ உணவுக்கு 8 மணி நேரம். வீட்டில் அரைத்த உணவுக்கு 2 மணி நேரம் போதும். திறக்காமலே மாட்டும் மூடிய பைகளுக்கு, தயாரிப்பாளர் சொல்வதைப் பொறுத்து, 24 முதல் 48 மணி நேரம். மீதியிருக்கும் உணவின்மேல் புதியதை ஊற்றக் கூடாது. ஊற்றினால் பழைய கிருமிக்குப் புதுச் சாப்பாடு போட்டதாகிவிடும்.

இரைப்பை அமிலம் இயல்பாகவே ஒரு காவல். அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவருக்கு அந்தக் காவல் தளர்ந்திருக்கும். குழாய் முனை சிறுகுடலில் இருந்தால் காவலே கிடையாது. சிறுகுடலில் குழாய் உள்ளவர்களுக்கு அதைக் கழுவும் நீர்கூட கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும்.

கலக்குமுன் கையை சோப்பு போட்டு 20 நொடி தேய்த்துக் கழுவுங்கள். மேசையைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பாத்திரத்தை வையுங்கள். கொதித்து ஆறிய நீரை முதலில் கொஞ்சம் ஊற்றி, டின்னோடு வந்த கரண்டியால் தலைதட்டி அளந்த பவுடரைப் போட்டு, கட்டியில்லாமல் கலக்கி, பிறகு 250 மி.லி. கோடு வரை நீரை நிரப்புங்கள். 250 மி.லி. நீரில் பவுடரைக் கொட்டுவது வழக்கமான பிழை: மொத்த அளவு கூடி, ஒரு மி.லி.க்கு 1 கிலோகலோரி என்ற கணக்கு கெட்டுவிடும். உடனே கொடுக்கவில்லை என்றால் மூடி, நேரத்தை எழுதி, 4 டிகிரி செல்சியஸில் வையுங்கள். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிடுங்கள்.

கொடுக்குமுன் மூக்கருகே குழாயில் போட்ட குறி இடம் மாறவில்லை என்று பாருங்கள். குழாய் வழியே உறிஞ்சி எடுத்த திரவத்தின் பி.எச். (அமில அளவு; எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5 அல்லது அதற்குக் கீழே இருந்தால் முனை இரைப்பையில் இருக்கிறது எனக் கொள்ளலாம். அமிலக் குறைப்பு மாத்திரை இந்த எண்ணை ஏற்றிவிடும். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேதான் வழி. காற்றடித்து ஸ்டெதஸ்கோப்பில் சத்தம் கேட்கும் பழைய முறையை நம்ப வேண்டாம், நுரையீரலில் நுழைந்த குழாயும் அதே சத்தம் தரும்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, 30 மி.லி. நீர் விட்டு, பிஸ்டனைக் கழற்றிய 50 மி.லி. சிரிஞ்சில் உணவை ஊற்றுங்கள். பிஸ்டனால் தள்ளாதீர்கள், தானாக இறங்கட்டும். 250 மி.லி. இறங்க 15 முதல் 30 நிமிடம் ஆகலாம். வேகத்தைக் கூட்ட சிரிஞ்சை உயர்த்துங்கள், குறைக்கத் தாழ்த்துங்கள். முடிந்ததும் மறுபடி 30 மி.லி. நீர். அதன்பிறகு ஒரு மணி நேரம் சாய்ந்த நிலையிலேயே இருக்கட்டும்.

60 கிலோ எடையுள்ளவருக்கு கிலோவுக்கு 25 கிலோகலோரி என்றால் நாளுக்கு 1,500. அதாவது 250 மி.லி. வீதம் ஆறு வேளை. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதல் நாளே இந்த அளவைக் கொடுக்கக் கூடாது. கிலோவுக்கு 10 கிலோகலோரி அல்லது அதற்கும் கீழே தொடங்கி, தையமின் (வைட்டமின் பி1) கொடுத்து, ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். பட்டினிக்குப் பின் திடீரென உணவு சேர்ந்தால் இந்த உப்புகள் சரியலாம்; சரிந்தால் இதயத் துடிப்பே தடுமாறும்.

வயிறு போனால் மருந்துச் சீட்டையும் பாருங்கள். சிரப்புகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சார்பிட்டால் குடலுக்குள் நீரை இழுக்கும்; ஆன்டிபயாட்டிக் எடுப்பவருக்கு கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் என்ற குடல் பாக்டீரியாவின் நச்சுக்கு மலப் பரிசோதனை தேவைப்படலாம். உணவை நீர்க்கச் செய்வதால் கலோரி குறையும், கைபடும் வேலை கூடும். வேறு பலன் இல்லை.

குழாய் அடைப்புக்கு ஒரு முக்கியக் காரணம் மருந்தை உணவோடு கலப்பது. அமிலத் தன்மையுள்ள சிரப் பட்டதும் புரதம் திரிந்துவிடும். ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கொடுத்து, நடுவில் 15 மி.லி. நீராவது விடுங்கள். அடைத்துவிட்டால் வெதுவெதுப்பான நீரை 50 மி.லி. சிரிஞ்சால் மெல்ல உள்ளே தள்ளி, வெளியே இழுத்து, சில நிமிடம் ஊறவிட்டு மறுபடி செய்யுங்கள். சிறிய சிரிஞ்ச் தரும் அழுத்தத்தில் குழாய் வெடிக்கலாம். கம்பி விட்டுக் குத்தினால் குடல் ஓட்டையாகலாம். அரை மணி நேரத்தில் திறக்காத குழாயை நர்ஸிடம் சொல்லி மாற்றிவிடுங்கள்.